பிறந்த விலங்குகளின் எதிர்ப்பொருள் உருவாக்கம்: இளம்பருவத் தடுப்பூசி ஆய்வின் வரலாறு

பிறந்து சில மணி நேரமோ சில நாள்களோ ஆன ஒரு குட்டிக்குத் தடுப்பூசி போட்டால் அதன் உடல் எதிர்ப்பொருளை உருவாக்குமா? உருவாக்கினால் எவ்வளவு, எத்தனை காலம் நிலைக்கும்? இக்கேள்விகளுக்கு விடை தேடிய ஆய்வுகளுக்கு ஏறக்குறைய 130 ஆண்டுக் கால வரலாறு உண்டு. சுண்டெலி, கினிப்பன்றி, கன்று, முயல், செம்மறிக் குட்டி, பன்றிக்குட்டி, நாய்க்குட்டி, கோழிக்குஞ்சு எனப் பல உயிர்களின் வழியே இவ்வறிவு சேர்ந்தது. இன்று கால்நடைகளுக்கும் செல்ல விலங்குகளுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் எந்த வயதில் எந்தத் தடுப்பூசி என்று வகுக்கப்படும் அட்டவணை, பெரிதும் இவ்வரலாற்றின் விளைவாகும்.

தொடக்கத்தில் பிறந்த குட்டியின் நோயெதிர்ப்பு மண்டலம் வெறுமையானது என்று கருதினர். பின்னர் அது எதையும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது என்றனர். இப்போதோ, குட்டியால் பிறக்கும் முன்பே எதிர்வினை ஆற்ற முடியும் என்றும், அவ்வெதிர்வினையைத் தாயின் எதிர்ப்பொருளும் மருந்தின் அளவும் உறுப்புகளின் முதிர்ச்சியும் சேர்ந்து வரையறுக்கின்றன என்றும் அறிகிறோம். இந்தக் கருத்து மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைக் கருத்துகள்

உடலுக்குள் புகும் கிருமி, நஞ்சு போன்ற அயற்பொருள்களைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் இரத்தப் புரதமே எதிர்ப்பொருள். அதன் உருவாக்கத்தைத் தூண்டும் அயற்பொருள் எதிர்ப்பொருள் தூண்டி எனப்படும். தடுப்பூசி என்பது நோயை உண்டாக்காத வடிவில் தரப்படும் எதிர்ப்பொருள் தூண்டியே. உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்வது செயல்வழி எதிர்ப்பு. பிறர் உருவாக்கிய எதிர்ப்பொருளைப் பெற்றுக் காக்கப்படுவது பெறுவழி எதிர்ப்பு. முன்னது மெல்லத் தோன்றி நெடுநாள் நிலைக்கும். பின்னது உடனே காக்கும், ஆனால் நாளுக்கு நாள் கரைந்துவிடும்.

பிறந்த குட்டியிடம் இவ்விரண்டும் சந்திக்கின்றன. தாய் தந்த எதிர்ப்பொருள் ஒருபுறம் குறைந்துகொண்டே போகிறது. குட்டியின் சொந்த எதிர்ப்பொருள் மறுபுறம் மெல்ல வளர்கிறது. இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் பெரும்பாலான இளங்குட்டிகள் நோய்க்கு இரையாகின்றன.

எர்லிச்சின் சுண்டெலிகள்

1890ஆம் ஆண்டு எமில் வான் பெரிங், ஷிபாசபுரோ கிட்டசாட்டோ ஆகியோர் தொண்டை அடைப்பான், வில்வாத நோய் ஆகியவற்றின் நஞ்சுகளை முறிக்கும் பொருள் விலங்குகளின் இரத்தத்தில் உருவாவதைக் காட்டினர். இந்தப் பாதுகாப்பு தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லுமா என்ற வினாவைத் தெளிவான சோதனையாக மாற்றியவர் பவுல் எர்லிச்.

அவர் எடுத்துக்கொண்ட நஞ்சுகள் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த இரண்டு விதைகளில் உள்ளவை. ஆமணக்கு விதையின் ரிசின் ஒன்று. பொற்கொல்லர்கள் எடைக்குப் பயன்படுத்திய குன்றிமணியின் அப்ரின் மற்றொன்று. இந்நஞ்சுகளைச் சிறிது சிறிதாகத் தீவனத்துடன் கொடுத்துப் பழக்கிய சுண்டெலிகள், பின்னர் சாதாரணச் சுண்டெலியைக் கொல்லும் அளவைப் போலப் பல மடங்கைத் தாங்கின. ரிசினுக்குப் பழகியவை அப்ரினைத் தாங்கவில்லை. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி எதிர்ப்பு தேவைப்பட்டது.

1892இல் வெளியிட்ட ஆய்வில் எர்லிச் மூன்று செய்திகளை நிறுவினார். எதிர்ப்புடைய தந்தைக்கும் எதிர்ப்பற்ற தாய்க்கும் பிறந்த குட்டிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இது மரபுவழி வருவதன்று. எதிர்ப்புடைய தாய்க்குப் பிறந்த குட்டிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது; ஆனால் சில வாரங்களில் மறைந்தது. மூன்றாவது செய்திக்காக அவர் குட்டிகளை இடம் மாற்றினார். எதிர்ப்பற்ற தாய்க்குப் பிறந்தவற்றை எதிர்ப்புடைய தாயிடம் பால் குடிக்க விட்டபோது அவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. பால் வெறும் உணவு மட்டுமன்று என்பது இவ்வாறு சோதனைவழி உறுதியாயிற்று. செயல்வழி, பெறுவழி என்ற பாகுபாடு இவ்வாய்வுகளிலிருந்தே உருவானது.

அடுத்த ஆண்டு ஃபெலிக்ஸ் கிளெம்பரர், வில்வாதத்துக்கு எதிர்ப்பூட்டப்பட்ட கோழியின் முட்டை மஞ்சள்கருவிலும் எதிர்ப்பு இருப்பதைக் காட்டினார். பாலூட்டாத பறவையும் தன் குஞ்சுக்குச் சீதனம் கொடுத்தே அனுப்புகிறது என்பது தெரியவந்தது.

சீம்பால் பற்றிய கண்டுபிடிப்புகள்

ஈன்ற பசுவிடம் முதல் சில நாள்களில் சுரக்கும் கெட்டியான மஞ்சள் நிறப் பாலே சீம்பால். 1912இல் ஃபாமுலனர் வெள்ளாடுகளில் செய்த ஆய்வு, குட்டி பெறும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாக அன்றிச் சீம்பால் வழியாகவே வருகிறது என்று காட்டியது. 1921இல் பால் ஹோவ், பிறந்த கன்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அடங்கிய குளோபுலின் புரதம் ஏறக்குறைய இல்லை என்றும், சீம்பால் குடித்த பின்னரே அது தோன்றுகிறது என்றும் கண்டார்.

1922இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தின் விலங்கு நோயியல் பிரிவில், தியோபால்டு ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் ஒரு நேரடிச் சோதனை நடத்தினர். ஒரே தொழுவத்தில் பிறந்த கன்றுகளில் ஒரு பகுதிக்குச் சீம்பால் கொடுத்தனர். மற்றவற்றுக்குச் சீம்பால் தராமல் சாதாரணப் பால் மட்டும் கொடுத்தனர். சீம்பால் குடித்தவை பிழைத்தன. குடிக்காதவற்றில் பெரும்பாலானவை சில நாள்களில் இறந்தன. பெரிய கன்றுகளின் குடலில் தீங்கின்றி வாழும் சாதாரணக் குடல் பாக்டீரியங்களே அவற்றின் இரத்தத்திலும் உறுப்புகளிலும் பரவியிருந்தன. சீம்பாலுக்குப் பதிலாகப் பசுவின் சீரத்தைக் கொடுத்தபோது ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது.

எதிர்ப்பொருளைக் கடத்தும் வழி விலங்குக்கு விலங்கு வேறுபடுகிறது. மாடு, ஆடு, பன்றி, குதிரை ஆகியவற்றின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருளை விடுவதில்லை. பிறந்து ஏறக்குறைய ஒரு நாளுக்குள் குடல் வழியாகச் சீம்பாலின் எதிர்ப்பொருள் இரத்தத்தில் சேர வேண்டும். அதன்பின் குடல் அதை உள்ளே விடாது. மனிதரிலும் குரங்குகளிலும் நஞ்சுக்கொடி வழியே சேர்கிறது. முயலில் பிறப்புக்கு முன் கருவுணவுப் பை வழியாகச் செல்கிறது. எலிகளில் பிறப்புக்கு முன்னும் பின்னும் என இரு வழியும் உண்டு. நாய், பூனை இவற்றில் மிகச் சிறு பங்கே பிறப்புக்கு முன் சேர்கிறது. பெரும்பங்கு சீம்பாலில் வருகிறது. இவ்வேறுபாடு, ஓர் ஆய்வுக்கு எந்த விலங்கைத் தேர்வது என்பதைப் பின்னாளில் முடிவு செய்தது.

வேல்ஸ் நாட்டின் பாங்கர் நகரில் பணியாற்றிய பிராம்பெல், இக்கடத்தல் வெறும் கசிவன்று, தேர்ந்தெடுத்து நடக்கும் செயல் என்று காட்டினார். எதிர்ப்பொருளைப் பற்றிக் கடத்தும் ஏற்பி ஒன்று செல்களில் இருக்க வேண்டும் என 1958இல் அவர் கூறினார். அந்த ஏற்பியின் மரபணு 1989இல் பிறந்த எலியின் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

கொடையே தடையாதல்

தாயின் எதிர்ப்பொருள் இவ்வளவு நன்மை செய்யும்போது தடுப்பூசியும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் நடந்தது அதற்கு மாறானது.

அதன் முதல் குறிப்பும் தியோபால்டு ஸ்மித்திடமிருந்தே வந்தது. சீம்பால் ஆய்வுக்கு முன்பே அவர் கினிப்பன்றிகளில் தொண்டை அடைப்பான் நஞ்சையும் அதன் முறிப்பானையும் கலந்து செலுத்தி வந்தார். 1909இல் வெளியிட்ட முடிவின்படி, நஞ்சும் முறிப்பானும் ஏறக்குறைய சமநிலையில் இருந்த கலவை விலங்குக்கு நீடித்த எதிர்ப்பைத் தந்தது. முறிப்பான் மிகுந்த கலவையோ அவ்வாறு தரவில்லை. உடலில் எதிர்ப்பொருள் முன்பே மிகுதியாக இருந்தால், புதிதாக உருவாக்கும் தேவையை உடல் உணர்வதில்லை.

பிறந்த குட்டியின் நிலையும் இதுவே. தாயின் எதிர்ப்பொருள் தடுப்பூசியில் உள்ள கிருமியைப் பிடித்துக்கொள்கிறது. உயிருள்ள வீரியம் குறைந்த வைரசாக இருந்தால் அது பெருகுமுன்பே முடக்கப்படுகிறது. செயலிழந்த கிருமியாகவோ புரதமாகவோ இருந்தால், குட்டியின் பி செல்கள் காண வேண்டிய பகுதிகளைத் தாயின் எதிர்ப்பொருள் மூடிக்கொள்கிறது. 1950களில் மனிதக் குழந்தைகளிலும் தொண்டை அடைப்பான் தடுப்பூசியில் இதே தடை காணப்பட்டது.

சகிப்புக் கோட்பாடு

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆய்வு வேறொரு திசையில் திரும்பியது. தாயின் எதிர்ப்பொருள் இல்லாதபோதும் இளம் உயிர் எதிர்வினை ஆற்றாமல் இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கு இரண்டு கண்டறிதல்கள் வழிவகுத்தன.

1930களில் பிரின்ஸ்டனில் எரிக் டிரௌப், மூளையுறை அழற்சியை உண்டாக்கும் ஒருவகை வைரசு சுண்டெலிகளில் பரவும் முறையை ஆராய்ந்தார். கருவிலேயே தொற்றுக்குள்ளான குட்டிகள் நோயின்றி வளர்ந்தன. ஆனால் வாழ்நாள் முழுவதும் அவ்வைரசைச் சுமந்தன. 1945இல் ரே ஓவன், இரட்டைக் கன்றுகளின் இரத்தத்தில் இருவகைச் சிவப்பணுக்களும் கலந்திருப்பதைக் கண்டார். கருவில் இணைந்த இரத்தக் குழாய்கள் வழியே கலந்த செல்களை அவற்றின் உடல் வளர்ந்த பின்னும் அயலானவையாகக் கருதவில்லை.

இவற்றை வைத்து 1949இல் மேக்ஃபார்லேன் பர்னெட்டும் ஃபிராங்க் ஃபென்னரும், வளர்ச்சியின் தொடக்கத்தில் சந்திக்கும் பொருளை உடல் தன்னுடையதாகக் கற்றுக்கொள்கிறது என்ற கருதுகோளை முன்வைத்தனர். பர்னெட் குழு கோழிக் கருவில் அதைச் சோதித்தபோது எதிர்பார்த்த சகிப்பு கிட்டவில்லை. 1953இல் லண்டனில் ரூபர்ட் பில்லிங்காம், லெஸ்லி பிரென்ட், பீட்டர் மெடாவர் மூவரும் வெற்றி பெற்றனர். ஓரினச் சுண்டெலியின் கருவுக்குள் வேற்றினச் செல்களைச் செலுத்தினர்; அக்குட்டி வளர்ந்தபின் அவ்வேற்றினத்தின் தோல் ஒட்டை ஏற்றுக்கொண்டது. 1960ஆம் ஆண்டின் நோபல் பரிசு பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் வழங்கப்பட்டது.

எதிர்ப்பொருள் ஆய்விலும் இதே முடிவு எதிரொலித்தது. 1954இல் ஹனான், ஓயாமா இருவரும் பிறந்த முயல்களுக்கு மாட்டின் சீர அல்புமினைச் செலுத்தினர். அம்முயல்கள் வளர்ந்த பின்னும் அப்புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாக்கவில்லை. பிறந்த குட்டிக்கு ஊசி போட்டால் பயனில்லை என்பதோடு, பின்னாளில் வரக்கூடிய எதிர்ப்பையும் அது கெடுத்துவிடலாம் என்ற அச்சம் இதனால் எழுந்தது. இளங்குட்டிக்கும் கைக்குழந்தைக்கும் தடுப்பூசியைத் தொடங்கத் தயங்குவோருக்கு இது ஒரு வலுவான காரணமாயிற்று.

கருவிலிருந்தே எதிர்வினை

இவ்வச்சத்தைத் தளர்த்தியவை செம்மறி ஆட்டிலும் பன்றியிலும் நடந்த ஆய்வுகள். செம்மறியின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருளை விடாததால், கருவின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்பட்டால் அது கரு தானே செய்ததாகத்தான் இருக்க முடியும். இந்த இயல்பைப் பயன்படுத்தி, 1960களின் தொடக்கத்தில் ஆர்தர் சில்வர்ஸ்டைன் குழுவினர் சினை ஆட்டுக்கு அறுவை செய்து, கருப்பைக்குள் இருக்கும் குட்டிக்கே ஊசி போட்டனர்.

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பாக்டீரியத்தைத் தாக்கும் ஒரு சிறு வைரசுக்குக் கரு மிக இளம் பருவத்திலேயே எதிர்ப்பொருள் செய்தது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்துக்குச் சினைக்காலத்தின் பாதி முடியும் முன்பே செய்தது. முட்டை வெள்ளைக்கருப் புரதத்துக்கு 120 நாள் கடந்தபின்தான் செய்தது. தொண்டை அடைப்பான் நஞ்சிலிருந்து செய்த தடுப்பு மருந்துக்கோ பிறந்து பல நாள் ஆகும்வரை எதிர்வினை இல்லை. ஒவ்வொரு தூண்டிக்கும் ஒரு நாள் குறித்தாற்போல, திறன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. எனவே, குட்டியால் எதிர்ப்பொருள் செய்ய முடியுமா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தப் பொருளுக்கு, எந்த நாளில் என்றே கேட்க வேண்டும்.

அதே காலத்தில் செக்கோஸ்லோவாகியாவில் யாரோஸ்லாவ் ஷ்டெர்ஸல் குழுவினர், கிருமியற்ற சூழலில் சீம்பால் இல்லாமல் வளர்த்த பன்றிக்குட்டிகளை ஆராய்ந்தனர். இக்குட்டிகளின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருளும் இல்லை. வெளிக்கிருமிகளின் தூண்டலும் இல்லை. எனவே ஊசிக்குப் பின் தோன்றும் ஒவ்வொரு எதிர்ப்பொருளும் அந்த ஊசிக்கான விடையே. குட்டிகள் எதிர்வினை ஆற்றின. முதலில் ஐஜிஎம் என்ற பெரிய மூலக்கூறு வகை தோன்றியது. நெடுநாள் நிலைக்கும் ஐஜிஜி வகை பின்னரே வந்தது.

உறுப்புகளைத் தேடி

இளம் விலங்குகளே எதிர்ப்பொருள் உருவாகும் உறுப்புகளையும் காட்டிக்கொடுத்தன. கோழியின் எச்சத் துவாரத்தருகே உள்ள சிறு பைக்கு, அதை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியலாளரின் பெயரால் ஃபாப்ரிசியசு பை என்று பெயர். அதன் பணி நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த புரூஸ் கிளிக், இளங்குஞ்சுகளில் அப்பையை அகற்றி ஆராய்ந்து வந்தார். வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைக் காட்ட அவருடைய நண்பர் திமோத்தி சாங் கோழிகள் கேட்டபோது, பை அகற்றப்பட்ட கோழிகளைக் கொடுத்தார். சால்மோனெல்லா பாக்டீரியத்தைச் செலுத்தியும் அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பொருள் உருவாக்கவில்லை. பொய்த்துப்போன அந்த வகுப்புச் சோதனை 1956இல் ஒரு கோழியியல் இதழில் கட்டுரையாக வந்தது. முன்னணி அறிவியல் இதழ் ஒன்று அதை முன்பே திருப்பி அனுப்பியிருந்தது. எதிர்ப்பொருள் உருவாக்கும் செல்களுக்கு பி செல் என்ற பெயர் இப்பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்திலிருந்து வந்தது.

1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட சுண்டெலிகளின் நோயெதிர்ப்பு பெரிதும் குலைவதைக் காட்டினார். வளர்ந்த சுண்டெலியில் அகற்றினால் அவ்வளவு பாதிப்பு தெரியவில்லை. இரண்டு கண்டுபிடிப்புகளுமே இளம்பருவத்தில் மட்டுமே செய்யக்கூடியவை.

இதன் நடைமுறைப் பொருள் கோழிப் பண்ணைகளில் விரைவில் விளங்கியது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கும்போரோ என்னும் இடத்தின் பெயரால் அறியப்பட்ட நோய் வைரசு, ஃபாப்ரிசியசு பையையே அழிக்கிறது. முதல் நாளிலேயே அவ்வைரசுக்கு ஆளான குஞ்சுகள், பின்னர் போடப்பட்ட ராணிக்கெட் நோய்த் தடுப்பூசிக்குச் சரியாக எதிர்ப்பொருள் உருவாக்கவில்லை என்று 1972இல் இங்கிலாந்தில் ஆலன், ஃபரகர், கல்லன் ஆகியோர் காட்டினர். தடுப்பூசி நல்லதாக இருந்தும் பலிக்காமல் போவதற்கு, குஞ்சின் எதிர்ப்பொருள் உலையே அணைந்திருப்பதும் ஒரு காரணம் என்று தெளிவானது.

நாய்க்குட்டியும் கணக்கும்

தாயின் எதிர்ப்பொருள் எப்போது குறையும் என்பதை எண்ணாலேயே கணிக்கலாம் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பேக்கர், கில்லெஸ்பி குழுவினர். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய்க்கு எதிராகக் குட்டி பெற்ற தாயின் எதிர்ப்பொருள், ஏறக்குறைய 8.4 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று 1958இல் அவர்கள் வெளியிட்டனர்.

எடுத்துக்காட்டாக, ஒரு குட்டியின் எதிர்ப்பொருள் அளவு பிறந்தபோது 128 எனக் கொள்வோம். அது 64, 32, 16, 8 என நான்கு முறை பாதியாக ஏறக்குறைய 34 நாள் ஆகும். இன்னொரு குட்டியின் தொடக்க அளவு 1024 என்றால், அதே 8ஐ எட்ட ஏழு முறை பாதியாக வேண்டும். ஏறக்குறைய 59 நாள் ஆகும். இரண்டு குட்டிகளுக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால் ஒன்றில் பலிக்கும், மற்றொன்றில் பலிக்காது. கார்னெல் குழு தாய் நாயின் இரத்த அளவை வைத்து, குட்டிக்கு ஊசி போட வேண்டிய நாளைக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கியது.

டிஸ்டெம்பர் வைரசுக்கு நெருங்கிய உறவான தட்டம்மைத் தடுப்பூசியை நாய்க்குட்டிகளுக்குப் போடும் உத்தியும் பின்னர் வந்தது. தாயின் டிஸ்டெம்பர் எதிர்ப்பொருளால் தட்டம்மை வைரசை முழுமையாகத் தடுக்க இயலவில்லை. குட்டியின் உடலோ அதிலிருந்து டிஸ்டெம்பரைத் தாங்கும் பாடத்தைக் கற்றுக்கொண்டது.

1978இல் நாய்களிடையே பார்வோ வைரசு நோய் திடீரென உலகெங்கும் பரவியபோது இச்சிக்கல் கூர்மையாயிற்று. 1982இல் பொல்லாக், கார்மைக்கேல் இருவரும் காட்டியதாவது: நோய்க்கிருமியை நிறுத்தப் போதாத அளவுக்குக் குறைந்துவிட்ட தாயின் எதிர்ப்பொருள், தடுப்பூசியை நிறுத்தும் அளவுக்கு மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு காலம் உண்டு. அந்நாள்களில் ஊசி போட்ட குட்டியும் நோய்க்கு ஆளாகலாம். இன்று நாய்க்குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஊசி போடப் பரிந்துரைப்பது இதனால்தான். முதல் ஊசி மட்டும் போட்டு நிறுத்திவிட்ட குட்டி பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவது தவறான நம்பிக்கை.

சகிப்புக் கோட்பாட்டின் மறுஆய்வு

சகிப்பு பற்றிய பழைய முடிவுகளும் மறுபடி ஆராயப்பட்டன. 1967இல் ஓல்ட்ஸ்டோன், டிக்சன் இருவரும் டிரௌப் கண்ட வைரசு சுமக்கும் சுண்டெலிகளை மீண்டும் சோதித்தனர். எதிர்வினையே இல்லை எனக் கருதப்பட்ட அவற்றிலும் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. வைரசோடு பிணைந்து கிடந்ததால் மட்டுமே அது வழக்கமான சோதனையில் தென்படவில்லை.

1996இல் ஒரே இதழில் வெளிவந்த மூன்று கட்டுரைகள் கருத்தை மேலும் மாற்றின. சர்சோட்டி குழு, பிறந்த சுண்டெலிக்கு வைரசைக் குறைந்த அளவில் கொடுத்தால் பாதுகாப்பான எதிர்வினை உண்டாகிறது, மிகுதியாகக் கொடுத்தால் உண்டாவதில்லை என்று காட்டியது. ரிட்ஜ், ஃபுக்ஸ், மாட்சிங்கர் ஆகியோர், அயற்பொருளை முறையாக எடுத்துக்காட்டும் செல்களைக் கொடுத்தால் பிறந்த சுண்டெலியும் எதிர்க்கிறது என்றனர். ஃபோர்ஸ்டூபர் குழு, சகிப்பு எனப்பட்டது உண்மையில் வேறுவகை எதிர்வினையே என்றது. பிறந்த குட்டியிடம் நிணநீர்ச் செல்கள் மிகக் குறைவு. அந்தச் சிறு படையை மிகப் பெரிய அளவு அயற்பொருள் மூழ்கடிக்கும்போது தோன்றும் நிலையே சகிப்பாகத் தெரிந்தது.

அதே ஆண்டுகளில் ஜெனீவாவில் கிளேர்-ஆன் சீக்ரிஸ்ட் குழு, பல தடுப்பூசிகளை இளஞ்சுண்டெலிகளில் ஒப்பிட்டது. எதிர்ப்பொருள் உருவானது, ஆனால் வளர்ந்தவற்றைவிடக் குறைவாகவும் மெதுவாகவும் உருவாகி விரைவில் சரிந்தது. மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பி செல்களைப் பயிற்றும் கட்டமைப்பு முதிராததும், நெடுநாள் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் எலும்பு மச்சையில் நிலைகொள்ள இயலாததும் அதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் எதிர்ப்பொருள் உருவாக்கத்தைத் தடுத்தாலும் டி செல்களின் பயிற்சியைத் தடுப்பதில்லை என்றும் 1998இல் இக்குழு காட்டியது. எதிர்ப்பொருள் காட்டாத முதல் ஊசி வீணன்று. அடுத்த ஊசிக்கு அது நிலத்தை உழுது வைக்கிறது.

பாக்டீரியத்தின் சர்க்கரை உறைக்கு எதிராக இளம் உடல் மிகத் தாமதமாகவே எதிர்ப்பொருள் உருவாக்கும் என்பதும் ஒரு தனிச் சிக்கல். சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்தால் எதிர்வினை கூடும் என்பதை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏவரியும் கோபெலும் முயல்களில் காட்டியிருந்தனர். அந்த அறிவை 1980களில் ஷ்னீர்சன், ராபின்ஸ் முதலியோர் குட்டிக் குரங்குகளில் சோதித்தனர். கைக்குழந்தைகளை மூளையுறைக் காய்ச்சலிலிருந்து காக்கும் இணைப்புத் தடுப்பூசிகள் இவ்வழியே பிறந்தன.

பண்ணையிலும் தொழுவத்திலும்

ராணிக்கெட் நோயின் இந்தியப் பெயர், 1920களின் இறுதியில் அது கண்டறியப்பட்ட இமயமலை ஊரின் பெயர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இதை வெள்ளைக்கழிச்சல் என்பர். முக்தேசுவர் ஆய்வகத்தில் அய்யர், டாப்சன் இருவரும் 1940இல் அறிவித்த உயிர்த் தடுப்பூசி வீரியம் மிக்கது. சிறு குஞ்சு தாங்காது. ஆகவே முதல் வாரத்தில் வீரியம் குறைந்த வகையைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட்டு, 6 முதல் 8 வாரத்தில் வீரிய வகையை ஊசியாகப் போடும் இரு கட்ட முறை ஏற்பட்டது. முதற்சொட்டு மூக்கிலும் கண்ணிலும் நேரடியாகச் செயல்படுவதால், இரத்தத்தில் உள்ள தாயின் எதிர்ப்பொருள் அதை எளிதில் தடுப்பதில்லை.

1982இல் சர்மா, பர்மெஸ்டர் இருவரும் இன்னும் ஒரு படி முன்சென்று, மாரெக் நோய்த் தடுப்பூசியை 18 நாள் அடைகாத்த முட்டைக்குள்ளேயே செலுத்திப் பலன் கண்டனர். மாரெக் நோய்ப் பாதுகாப்பு பெரிதும் செல்வழி நிகழ்வதாயினும், குஞ்சு பொரிக்குமுன்பே நோயெதிர்ப்பைப் பயிற்ற முடியும் என்பதை இது பண்ணை அளவில் மெய்ப்பித்தது.

மாடுகளில் அணுகுமுறை வேறு. கன்று பிறந்த முதல் மணி நேரங்களில் அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சீம்பால் கொடுக்க வேண்டும். சினைப் பசுவுக்கே தடுப்பூசி போட்டுச் சீம்பாலின் தரத்தை உயர்த்துவதும் உண்டு. கோமாரித் தடுப்பூசியைக் கன்றுக்கு நான்காம் மாத அளவில் தொடங்குவதற்கு, தாயின் எதிர்ப்பொருள் அதுவரை குறையட்டும் என்பதே காரணம். சீம்பாலைக் காய்ச்சி உண்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். கன்றின் குடல் திறந்திருக்கும் முதல் நாளில் அதன் பங்கைக் கொடுத்த பிறகே மீதி வீட்டுக்கு என்பதை 1922ஆம் ஆண்டின் சோதனை வலியுறுத்துகிறது.

மனிதக் குழந்தைகளிலும் இதே அறிவு பயன்படுகிறது. காசநோய், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் பிறந்தவுடனே போடப்படுகின்றன. தட்டம்மைத் தடுப்பூசியோ இந்தியாவில் 9 மாதம் முடிந்த பின் தொடங்குகிறது. முன்னவை தாயின் எதிர்ப்பொருளால் பெரிதும் தடைபடுவதில்லை, பின்னது தடைபடும்.

வரலாற்றின் பயன்

குட்டி வெறுமையானது என்ற கருத்து, அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்ற மெய்யான கண்டறிதலிலிருந்து எழுந்தது. குட்டி சகித்துக்கொள்ளும் என்ற கருத்தும் மெய்யான சோதனைகளிலிருந்தே எழுந்தது. இரண்டிலும் பிழை சோதனையில் இல்லை. ஒரு தூண்டிக்கும் ஒரு அளவுக்கும் கிடைத்த விடையை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியதில்தான் இருந்தது. அளவை மாற்றியும், விலங்கை மாற்றியும், தாயின் பங்கைப் பிரித்தெடுத்தும் கேட்டபோது விடையும் மாறியது.

சீக்கிரம் போட்டால் தாயின் எதிர்ப்பொருள் தடுக்கும்; காத்திருந்தால் கிருமி முந்திக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடையே இடம் பார்த்து வைக்கப்பட்டதே தடுப்பூசி அட்டவணையின் ஒவ்வொரு நாளும். ஆகவே மீள்தவணைகளைத் தவறவிடாமல் போடுவதும், முதல் நாளின் சீம்பாலைக் கன்றுக்கு விட்டுக்கொடுப்பதும் அந்த இடைவெளியைச் சுருக்கும் இரு வழிகளாகும்.